வெட்டுநூலில் ஒரு புளியங்கிளை

என் தோழியை அடக்கம் செய்து இரண்டு ஞாயிறு கழிந்திருந்தது. திங்கட்கிழமை காலை ஜெபத்தில் நாங்கள் எல்லோரும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உபதேசியாரின் மனைவிதான் எங்கள் வேலைக்கு மேற்பார்வை. உபதேசியம்மா என்று கூப்பிடுவோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இங்க இருந்து போன ஒருத்தி செய்த களவ, நாங்க யாரும் செய்யாதபடி காத்தருளும் கர்த்தாவே."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எங்களில் இந்த வருஷம் போனவள் அவள் ஒருத்திதான். பாயில் என் பக்கத்து இடம் காலியாகத்தான் கிடந்தது.

எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு எழுத்து அதிகம் வராது, இரண்டாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிப்போனால் நானும் அந்த ஆமெனைச் சொன்னவள் மாதிரி ஆகிவிடுவேன்.

எங்களுக்கு ரேந்தை பின்னும் வேலை, வெள்ளைக்காரர்கள் லேஸ் என்பது. கொட்டாரம் ஊருக்குக் கிழக்கே வயலைத் தாண்டி மிஷன் வளவுக்குள் ஒரு நீண்ட ஓட்டுக் கட்டடம் உண்டு. அதில் ஆளுக்கொரு வைக்கோல் திண்டு. திண்டின் மேல் கெட்டியான ஓர் அட்டை, மாதிரி அட்டை என்போம். அட்டையில் பொடிப்பொடியாகத் துளைகள். துளைக்குத் துளை மொட்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகளை ஊசிக்கு ஊசி மாற்றி மாற்றிப் போட்டால் பூவும் இலையுமாக ரேந்தை இறங்கும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்று அடிக்கும் மாதங்களில் நூல் பறக்கும் என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவார்கள். வேர்த்து ஊற்றும். வேர்வை நூலில் பட்டால் திட்டு விழும். அந்த ரேந்தையெல்லாம் கப்பலில் போகும். அங்கே உள்ள சீமாட்டிகள் கழுத்தில் சுற்றிக்கொள்வார்களாம்.

எங்கள் கழுத்தில் ஒன்றும் கிடக்கக் கூடாது. சபையில் நகைக்கு இடமில்லை. என் அம்மா ஞானஸ்நானம் வாங்கிய அன்று பாம்படத்தைக் கழற்றி வைத்தாள். காது மட்டும் இன்றும் தோளைத் தொட்டுக்கொண்டு தொங்குகிறது. நகை பாவம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவள் கழுத்துக்கு அழகு செய்து கொடுப்பது எப்படிப் பாவம் இல்லாமல் போனது?

பொன்னுக்கு நாங்கள் எங்கே போவோம்? மஞ்சாடி முத்துதான். மிஷன் வளவில் ஒரு மஞ்சாடி மரம் நிற்கிறது. மழை விட்டால் அடியில் சிவப்பாகச் சிதறிக் கிடக்கும். வெந்நீரில் ஊறப்போட்டு, தோல் இளகினதும் ஊசியால் பைய துளைத்து, இடையிடையே கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைச் சிப்பியைச் சேர்த்துக் கோப்பேன். போன கிறிஸ்துமஸுக்கு, என்னோடு வேலை செய்கிற கூட்டுக்காரிகளுக்கெல்லாம் கைக்கு ஒன்று செய்து கொடுத்தேன். வளவைத் தாண்டி வீட்டுக்குப் போகும் வழியில் போட்டுக்கொள்வார்கள், காலையில் வரும்போது கழற்றி மடியில் முடிந்துகொள்வார்கள். என் தோழிக்கு மட்டும் கழுத்து அளவுக்குச் செய்தேன்.

அவள் அதை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, கொள்ளாம், நல்லாருக்கு. உபதேசியம்மா கண்டா கழுத்தோட சேத்து அறுப்பா."

"சட்டைக்கு உள்ள போடு."

"உள்ள போட்டா யாரு பாப்பா?"

"நான் பாக்கண்டாமா? நூலு தெரியும்லா."

"நூலப் பாக்கதுக்கா இத்தன பாடுபட்ட, மண்டி?" என்று செல்லமாகத் திட்டிச் சிரித்தாள். அன்று போட்டவள் பிறகு கழற்றவேயில்லை.

வாழ்த்து அட்டை செய்ய ஆரம்பித்ததும் அதே கிறிஸ்துமஸுக்குத்தான். பங்களாவில் இருக்கும் வெள்ளைக்கார மிசியம்மாவுக்கு அவர் நாட்டிலிருந்து அட்டைகள் வரும். பஞ்சு கொட்டியது மாதிரி வெளுத்த தரை, அதில் நெஞ்சு சிவந்த ஒரு குருவி. அதைச் சுவரில் ஒட்டி வைப்பார். நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். எனக்கும் தோழிக்கு அப்படி ஒன்று கொடுக்க ஆசை வந்தது. சாயம் கிடையாது, அழகாக எழுதவும் வராது. வருவது துளை போடுவது ஒன்றுதான். துளை பெருத்துப்போன பழைய மாதிரி அட்டைகளைக் குப்பையில் போடுவார்கள். அதில் நல்ல ஓரமாக வெட்டியெடுத்து, மொட்டூசியால் ஒரு புளியங்கிளையைக் குத்தினேன். நாங்கள் மத்தியானம் கஞ்சி குடிப்பது புளிய மரத்தடியில். அதனால்தான் புளியங்கிளை. கிளையின் நுனியில் மும்மூன்று துளையாக இரண்டு எறும்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இலையெல்லாம் மினுங்கும்.

அவள் வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"எறும்பு ரெண்டும் யாருட்டி?"

"ஒண்ணு நீ. மத்தது உனக்கு வரப்போற மாமியா."

"அப்பம் மாமியாளக் கீழ தள்ளிவிடணும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் உனக்குத் தருவேன். இப்பம் கேக்காத" என்றாள்.

நான் கேட்கவில்லை. ஆனால் ஆடி மாதத்திலிருந்து அவள் கஞ்சியை அவசரமாகக் குடித்துவிட்டு உள்ளே ஓடுவதைப் பார்த்தேன். இன்னொன்றையும் பார்த்தேன். குச்சியில் நூல் தீரும்போது கடைசியில் ஒரு சாண், இரண்டு சாண் மிஞ்சும். அது பின்ன உதவாது, வெட்டிவிட வேண்டும். வெட்டுநூல் என்போம். அதையெல்லாம் வாசலில் ஒரு ஓலைப் பெட்டியில் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியம்மா முன்னால் நின்று தேங்காய்த் தொண்டு வைத்து எரித்துவிடுவார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகினால் கை நீளும் என்பது அவர் கணக்கு. என் தோழி தன் வெட்டுநூலைப் பெட்டியில் போடுகிற மாதிரி கையைக் கொண்டுபோய், விரலிடுக்கில் வைத்துக்கொண்டே திரும்புவாள்.

"என்னத்துக்குட்டி அது?" என்று கேட்டேன்.

"எறும்புக்குத் தீனி" என்றாள்.

கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள். பத்தாம் நாள் அவள் இல்லை.

குளிப்பாட்டும்போது நானும் இருந்தேன். சட்டையைக் கழற்றியதும் மஞ்சாடி மாலை தெரிந்தது. உபதேசியம்மா, "செத்த பிறவும் அலங்காரமா?" என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். அவள் அம்மா பக்கத்தில் நினைவில்லாமல் கிடந்தாள். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டார். முத்தெல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டது. குனிந்து பொறுக்கினேன். நான் கோத்தது கோத்தபடியே அவளோடு மண்ணுக்குள் போயிருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் திண்டை வேறொருத்திக்குக் கொடுக்க மூலையைக் கூட்டியபோது, கிழிந்துபோன பழைய திண்டு ஒன்று சாக்குக்கு அடியில் கிடைத்தது. அதில் நான் குத்திக் கொடுத்த அட்டை. அட்டையின் மேல் முக்கால்வாசி முடிந்த ரேந்தை. இலை இலையாக என் புளியங்கிளை. எனக்குத் தருவதாகச் சொன்னது அதுதான்.

உபதேசியம்மா அதைப் பார்த்ததும் கேட்ட ஒரே கேள்வி, நூல் எங்கிருந்து வந்தது என்பது. அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அந்தப் பதில்தான் திங்கட்கிழமை ஜெபத்தில் வந்தது.

ஜெபம் முடிந்ததும் நான் திண்டின் முன்னால் உட்காரவில்லை. நேரே பங்களாவுக்குப் போனேன். உபதேசியம்மாவும் பின்னாலேயே வந்தார். அந்தப் பழைய திண்டு அதற்குள் மிசியம்மாவின் மேஜைக்குப் போயிருந்தது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகளே, இந்த ரேந்தையின் மாதிரி புதியதாக இருக்கிறது" என்றார். அவர் பேசுவது புத்தகத்தில் இருக்கும் தமிழ். "வேறொருத்தியைக் கொண்டு இதை முடித்து அனுப்பலாம் என்று எண்ணுகிறேன்."

"அம்மா, அது எனக்க அட்டை. அது எனக்காச் செய்தது. அவளக் கள்ளின்னு சொல்லிப்போட்டாவ. அது வெட்டுநூலுல செய்தது அம்மா. களவு இல்ல."

"வெட்டுநூலுல இலை விழுமா? யாருட்டப் பறையுக?" என்றார் உபதேசியம்மா. "ஒரு சாண் நூலுல ஒரு எல கூட இறங்காது."

"முடிச்சுப் போட்டா இறங்கும்."

"முடிச்சு எங்க? காட்டு."

மேலே ஒரு முடிச்சும் இல்லைதான். வழவழ என்று இருந்தது. எனக்கே ஒரு நொடி பயம் வந்தது. ஆனால் அவள் கை எனக்குத் தெரியும். எங்கள் வேலையில் முடிச்சு தெரிந்தால் அந்த ரேந்தை கழிவு, கூலியும் கிடையாது. அதனால் முடிச்சு போட நேர்ந்தால் அதை அடியில், திண்டுப் பக்கமாகத் தள்ளிவிட அவளைப்போல யாருக்கும் தெரியாது.

"அம்மா, பின்னால உள்ள மொட்டூசியப் புடுங்கிப் பாருங்க" என்றேன்.

மிசியம்மா முடிந்துபோன பக்கத்திலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ரேந்தையின் தலைப்பை மெதுவாகத் தூக்கி மறுபுறம் திருப்பினார். அடிப்பக்கம் முழுக்க முடிச்சு. இலைக்கு நாலு, ஐந்து. கடுகு தூவின மாதிரி. புது நூலைக் களவெடுத்தவள் எதற்காக இத்தனை முடிச்சு போட வேண்டும்?

மிசியம்மா விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "இவள் திருடவில்லை" என்றார்.

"வெட்டுநூலும் மிஷன் நூலுதானம்மா" என்றார் உபதேசியம்மா.

எனக்கு வாய் நிற்கவில்லை. "அப்பம் சனியாழ்ச்சதோறும் தீயில போடுகது யாருக்க நூலு?"

மிசியம்மா ரேந்தையைத் திண்டின் மேலேயே திரும்பப் போட்டார். "இவ்வளவு முடிச்சுள்ளதை அனுப்ப முடியாது. நீ இதை வைத்துக்கொள்" என்றார். குச்சிகள் மிஷனுடையது என்பதால் கத்தரிக்கோலை எடுத்து நூலையெல்லாம் ஒட்ட வெட்டினார். கடைசி இலை என் கண் முன்னாலேயே பிரிய ஆரம்பித்தது. பாய்ந்து பிடித்து முடிச்சுப் போட்டேன். எறும்பு ஒன்றுதான் முடிந்திருந்தது.

முடிச்சு இல்லாமல் நன்றாக இருந்திருந்தால் தந்திருக்க மாட்டார். இதை நன்றியாகச் சொல்ல என் நாக்கு வரவில்லை.

"அம்மா, ஜெபத்தில சொன்னத ஜெபத்திலயே மாத்திச் சொல்லச் சொல்லுங்க" என்று கேட்டேன்.

"மகளே, மேற்பார்வை செய்கிறவருக்கு எல்லார் முன்பாகவும் மதிப்புக் குறையக் கூடாது. உண்மை கர்த்தருக்குத் தெரியும்."

கர்த்தருக்கு முன்னமே தெரியும். தெரியாதது பாயில் உட்கார்ந்து ஆமென் சொன்னவர்களுக்குத்தான். செத்தவளின் மதிப்பு என்ன ஆனது என்று கேட்க அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வரப்பில் நடக்கும்போது தோன்றியது. திரும்பிப் போகலாமா என்று நின்றேன். போகவில்லை.

மறுநாள் காலை ஜெபம். உபதேசியம்மா கண்ணை மூடியதும், நான் மடியிலிருந்து ரேந்தையை எடுத்து, அடிப்பக்கம் மேலே வருகிற மாதிரி பக்கத்தில் இருந்தவள் கையில் வைத்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. விரலால் தடவினாள். எங்களுக்கு ரேந்தையைப் பார்க்கக் கண் வேண்டாம். ஒரு முடிச்சைத் தொட்டு விரலை நிறுத்தினாள், அடுத்ததைத் தொட்டாள், பிறகு தானாகவே அடுத்தவள் மடிக்கு நகர்த்தினாள். அப்படியே வரிசை வரிசையாகப் போனது. உபதேசியம்மாவின் ஜெபம் எப்போதும் நீளம். அன்று அது நல்லதாகப் போனது.

கடைசி வரிசையில் வயதான ஒரு ரேந்தைக்காரி உண்டு. என் தோழியைக் கள்ளி என்று சொன்னபோது முதலில் தலையை ஆட்டியவள் அவள்தான். ரேந்தை அவள் கைக்குப் போனதும் ஜெபத்துக்கு நடுவே, "அட பாவமே, வெட்டுநூலுலா" என்றாள்.

உபதேசியம்மா கண்ணைத் திறந்தார். "என்ன அங்க?"

"ஒண்ணுமில்ல உபதேசியம்மா. களவு போன நூலு கிட்டிச்சு" என்றாள் அந்தக் கிழவி. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

உபதேசியம்மா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஆமென் என்றார். அன்று யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தேங்காய்த் தொண்டுகளை அடுக்கிவிட்டு ஓலைப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். தூசியும் இரண்டு வளைந்த மொட்டூசியும்தான் விழுந்தது. வாரம் முழுக்க அத்தனை பேர் பின்னியும் ஒரு சாண் வெட்டுநூல் இல்லை.

"நூலு எங்க?" என்று உபதேசியம்மா கேட்டார். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் வெட்டுநூலை வைத்து யாருக்காவது எதையாவது செய்ய ஆரம்பித்திருந்தாள்.

எனக்கு அதில் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஜெபத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை உபதேசியம்மா இன்றுவரை திரும்ப எடுக்கவில்லை. தினமும் காலையில் நான் முன்வரிசையில், அவர் முகத்துக்கு நேரே உட்காருகிறேன். எல்லோரும் கண்ணை மூடும்போது நான் மூடுவதில்லை.