பதினேழாம் எண் இஸ்திரிப் பெட்டி

சலவை ஆலையில் மின்கருவிகளைச் சோதிப்பவளுக்கு 'சிவப்பு அட்டை' என்று பெயர். பதினொரு வருடத்தில் 6,412 சோதனைகள், தேறாதவை 388. தேறாததில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டால் யார் சொன்னாலும் அவிழ்க்க மாட்டாள். "எங்க அண்ணன் கழுத்துலயும் ஒண்ணு கட்டிடுங்க அண்ணி, கொறட்டை தாங்கல" என்று நாத்தனாரே கேலி செய்வாள். நாத்தனாருக்கும் அங்கேதான் வேலை. ஈரத் தரையில் நின்று பதினேழாம் எண் பெட்டியால் தேய்ப்பவள் அவள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.40க்கு அந்தப் பெட்டியில் அட்டை ஏறியது. பத்து மணிக்கு மேலாளர் அதை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வெளியாள் போன வாரம்தான் இருபத்தாறு பெட்டியையும் பாத்து ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனான். உனக்கு மட்டும் என்னம்மா ஆகல?"

"எவ்வளவு நேரம் பாத்தாரு?"

"அரை மணி."

அவள் பெட்டியை மேசைக்கு எடுத்தாள். பெட்டியின் சுவிட்சைப் போடாமல் அதன் பிளக்கில் மீட்டரை இணைத்தாள். 200 மெகாஓம்; கசிவே இல்லை என்று அர்த்தம்.

"அவரு பாத்தது இது." சுவிட்சைப் போட்டாள். எண் 0.2க்கு விழுந்தது. ஒன்றுக்குக் கீழே போனால் மின்சாரம் கசிகிறது, பெட்டி ஆகாது. "நான் பாத்தது இது."

அந்தப் பெட்டிகளின் சுவிட்ச் இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் துண்டிக்கும். அதைப் போடாமல் சோதித்தால், சூடேறும் பகுதியை எட்டாமலேயே மீட்டர் நல்ல சான்றிதழ் கொடுத்துவிடும். அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் அது.

"சாயங்காலம் லாரி வருது. இது ஓடணும். இல்லேன்னா அடையாள அட்டையக் குடுத்துட்டுக் கெளம்பு."

நாத்தனார் பயந்துவிட்டாள். "விடுங்க அண்ணி. நான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத் தேய்ச்சுக்கறேன்."

"உன் செருப்ப நான் சோதிக்கல. சும்மா இரு."

கட்டிங் பிளேயரை எடுத்துப் பெட்டியின் பிளக்கை நறுக்கினாள். துண்டு மேசையில் உருண்டது.

"ஆலைச் சொத்தும்மா அது" என்றார் மேலாளர்.

"அப்ப எழுதிக் குடுங்க சார். 0.2 காட்டின பெட்டிய வெட்டினதுக்காக வேலைய விட்டு எடுக்கறோம்னு எழுதி, தேதி, கையெழுத்து போட்டுக் குடுங்க. இப்பவே போறேன்."

பேனாவை நீட்டினாள். தேய்த்துக்கொண்டிருந்த இருபத்தைந்து பேரும் பெட்டிகளை நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மேலாளர் பேனாவைத் தொடவில்லை.

"மத்ததாவது ஓடட்டும்."

"சோதிச்சப்புறம் ஓடும்."

மதியம் 1.15க்குள் மேசையில் மேலும் நான்கு பிளக்குகள் கிடந்தன. லாரி பாதிச் சரக்கோடு போனது. நாத்தனார் அன்று முழுக்கத் துணி மடித்தாள். மேலாளர் வெள்ளிக்கிழமை வரை சிவப்பு அட்டையோடு பேசவில்லை. அவளும் அதற்காக ஏங்கவில்லை.