ஷூக் கடையில் கஸ்தூரி மேடம் சொன்னது

என் பாத்திரக்கடையில் ஒரு குடும்பம் சீர்ப் பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தது. கைப்பேசித் திரையில் கஸ்தூரி மேடத்தின் பெயர் தெரிந்தது. மறுநாள் ஆட்டத்துக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லுங்க மேடம், நாளைக்கு ஆறு மணிதானே?" என்றேன். மறுமுனையில் அவருடைய கணவர் நாராயணன் சார்.

"சேகர், கஸ்தூரி போயிட்டாப்பா. கார்த்தால காபி குடிச்சுண்டே பேப்பர் பாத்துண்டிருந்தா. நெஞ்சை என்னமோ பண்றதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

அந்தக் குடும்பத்தினர் கையில் எடுத்த குத்துவிளக்கைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அசோக் நகர் டென்னிஸ் மண் கோர்ட்டுக்குக் காலையில் வரும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில், ராக்கெட்டைக் குடை மாதிரி முதுகில் செருகிக்கொண்டு வருவார். எனக்குத் தியாகராய நகரில் பாத்திரக்கடை. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவன். இரட்டையர் ஆட்டத்தில் நாங்கள் இருவரும் ஆறு வருடம் ஜோடி.

அந்த ஜோடி அமைந்த விதம் பெருமைப்படும்படியாக ஒன்றும் இல்லை. நான் தோற்றால் கத்துவேன். என்னோடு சேர யாருக்கும் விருப்பமில்லை. அவரால் வேகமாக ஓட முடியாது. அவரோடும் யாரும் சேர மாட்டார்கள். ஒரு நாள் நேராக என்னிடம் வந்தார். "உன்னோட ஆட யாரும் வரமாட்டேங்கறா. என்னோடயும் வரமாட்டேங்கறா. சேந்துண்டுடலாமா?" என்றார். சேர்ந்துகொண்டோம். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று அவர்தான் சொல்வார். "மைன்" என்றால் அவர் எடுப்பார். "யுவர்ஸ்" என்றால் நான் ஓட வேண்டும். யோசிக்கக்கூடாது.

எனக்குக் காலில் அடிபட்ட அன்றைக்கும் யோசிக்கவில்லை. அவர் பக்கமாக, அவர் தலைக்கு மேல் ஒரு பந்து எழும்பியது. "யுவர்ஸ்!" என்று கத்தினார். நான் வலையருகிலிருந்து திரும்பிக் குறுக்கே பாய்ந்தேன். இரண்டாவது அடி வைத்ததும் பின்னங்காலில் யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். விழுந்த இடத்திலிருந்தே திரும்பி, "ஏன் மேடம் அடிச்சீங்க?" என்று கேட்டேன். அவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பின்னால் யாருமே இல்லை.

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிடித்து வைத்திருக்கும் நாண் அறுந்துவிட்டது. டாக்டர்கள் அக்கிலிஸ் என்பார்கள். அடையாற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டு, ஊன்றுகோல், பூட்ஸ் என்று மாதங்கள் போயின. வியாழக்கிழமைதோறும் மேடம் கடைக்கு வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வது மாதிரி இருக்கும். நான் அதைக் கவனித்தேனே தவிரக் கேட்கவில்லை.

கேட்கும் நிலையிலும் நான் இல்லை. பிசியோதெரபி நிலையத்தில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை ஐந்தாம் மாதமே நிறுத்தியிருந்தேன். காலையில் படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். சலிப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எங்கே மறுபடி அறுந்துவிடுமோ என்று. ஆனால் மேடம் கேட்கும்போதெல்லாம், "தினமும் பண்றேன் மேடம்" என்றே சொல்லிவந்தேன். பத்து மாதம் ஆனதும், "அடுத்த வாரம் கோர்ட்டுக்கு வரேன், ஷூ மட்டும் வாங்கணும்" என்றேன். "நானும் வரேன்" என்றார்.

பாண்டி பஜாரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. சாயங்காலம்தான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாள் முழுக்க நின்ற கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது பொருந்துவதுதான் ஆடும்போதும் பொருந்தும் என்பது அவர் கட்சி. விளையாடும்போது போடும் தடித்த காலுறையையும் எடுத்து வரச் சொன்னார். என் பிசியோதெரபிஸ்டிடம் தானே போனில் பேசி, என்ன மாதிரி ஷூ வேண்டும் என்று கேட்டுக் கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

நான் போனதும் முன்பு போட்ட ரகத்திலேயே புது ஜோடி கேட்டேன். காகிதம் மாதிரி லேசு, அடியும் தட்டை. கடையில் இருந்த விற்பனையாளர் என் வயதுக்காரர், பேச்சில் கெட்டி. "சூப்பர் சாய்ஸ் சார். போட்டுக்கினு இருக்கறதே தெரியாது" என்றார்.

மேடம் அதை வாங்கி, நடுவில் பிடித்துத் துணி பிழிவது மாதிரி முறுக்கினார். ஷூ முறுக்கிக்கொண்டது. குதிகால் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே மடங்கிற்று. "இது வேண்டாம். பின்பக்கம் கெட்டியா இருக்கணும். குதிகால் முன்பாதத்தைவிடக் கொஞ்சம் உசரமா இருந்தாதான் அந்த நாண் ரொம்ப இழுபடாது" என்றார்.

"ஆறு வருஷமா இதுதான் மேடம் போடறேன்."

"அப்போ உன் கால் வேற. சரி, அதைப் போட்டுண்டே எழுந்து நில்லு. அடிபட்ட கால்ல மட்டும் நின்னு குதிகாலைத் தூக்கு."

நின்றேன். தூக்கினேன். உடம்பு முழுவதும் முயன்றது. குதிகால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி அப்படியே விழுந்தது. மறுபடி முயன்றேன். அதுவும் இல்லை. கண்ணாடியில் என் இரண்டு கெண்டைக்கால்களும் தெரிந்தன. ஒன்று மற்றதில் பாதிதான் இருந்தது.

மேடம் என்னைத் திட்டவில்லை. "நீ ஒண்ணும் பண்ணலை இல்லையா இத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு விற்பனையாளரிடம், "இன்னிக்கு ஒண்ணும் எடுக்கலை. இவனுக்கு ஷூ இப்போ வேண்டாம்" என்றார்.

பொய் பிடிபட்ட அவமானம் கோபமாக மாறுவதற்கு எனக்கு எப்போதும் நேரம் ஆகாது. "என் கால் இப்படி ஆனதுக்கு யார் காரணம்? அது உங்க பக்கம் வந்த பந்து. நீங்க என் பேர்ல தள்ளிவிட்டீங்க!" என்று கத்தினேன். உண்மையில் அப்படி நான் நினைத்திருக்கவில்லை. வலிக்கட்டும் என்று சொன்னது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கஸ்தூரி மேடம் உறையை மடித்துப் பைக்குள் வைத்தார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆமா. அது என் பந்துதான். ரெண்டு அடி பின்னால போயிருந்தா எடுத்திருப்பேன். சோம்பலா இருந்தது. அதனால உன் பேரைச் சொல்லிட்டேன். பத்து மாசமா ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதைச் சொல்லணும்னுதான் வந்துண்டிருக்கேன். தைரியம் வரலை."

மூட்டு வலி என்றோ வயது என்றோ வெயில் என்றோ அவர் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

நான் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே நடந்தேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துக் கூட்டத்தில் நொண்டிக்கொண்டே வெகுதூரம் போன பிறகுதான் அவரைத் தனியாக அங்கே விட்டுவிட்டு வந்தது உறைத்தது. திரும்பிப் போகவில்லை. அதை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை.

கோபத்தில்தான் மறுபடி பயிற்சிக்குப் போனேன். இரண்டாம் நாள் பிசியோதெரபி நிலையத்தின் வெளி பெஞ்சில் மேடம் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கடந்து உள்ளே போனேன். அடுத்த முறையும் இருந்தார். மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்கு வாரத்தில் மூன்று நாள் வந்து, முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மழை பெய்த ஒரு நாள் நனைந்த புடவையோடு உட்கார்ந்திருந்தார். நான் பிசியோதெரபிஸ்டிடம் மெதுவாகக் கேட்டேன்: "அந்தப் பந்துக்கு ஓடலைன்னா எனக்கு இது ஆகியிருக்காதா?" அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சொல்ல முடியாது சார். ஏற்கெனவே தேஞ்சிருந்தா அடுத்த பந்துக்கே போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்."

வெளியே வந்து அதை மேடத்திடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். "அது காலைப் பத்தின கணக்கு, சேகர். நான் சொன்னது என்னைப் பத்தி" என்றார். பிறகு, "இன்னிக்கு எத்தனை தூக்கினே?" என்று கேட்டார்.

"நாலு."

"உள்ள வரலாமா? நான் எண்றேன்."

அதன்பின் அவர்தான் எண்ணினார். நான் பதினொன்றில் நிறுத்தப் பார்த்தால் பன்னிரண்டைச் சொல்லாமல் காத்திருப்பார். வேறு வழியில்லாமல் தூக்குவேன். ஒற்றைக்காலில் இருபத்தைந்து வந்த அன்று பிசியோதெரபிஸ்ட் தலையாட்டினார். அன்று சாயங்காலமே அதே கடைக்குப் போனோம். அதே விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும் இரண்டு ஸ்டூல்களை ஒன்றுக்கொன்று தூரமாகப் போட்டார். "இன்னிக்கு சண்டை இல்லையே மேடம்?" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஓட்டப்பந்தய ஷூ ஒன்று எனக்கு மெத்தென்று இருந்தது. டென்னிஸில் பக்கவாட்டில் ஓடும்போது அது கணுக்காலைக் கவிழ்த்துவிடும் என்று ஒதுக்கினார். இன்னொன்றின் மேல்விளிம்பு சரியாகத் தழும்பின் மேல் அழுத்தியது. கடைசியில் வந்தது கனமான ஒரு ஜோடி. குதிகால் உயரம், பின்சுவர் கெட்டி, நாண் இருக்கும் இடத்தில் மட்டும் விளிம்பு தாழ்ந்து வளைந்திருந்தது. மண் தரைக்கேற்ற வரிவரியான அடி. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். தரையில் உட்கார்ந்து, என் தழும்புக்கும் ஷூவுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். கூச்சமாக இருந்தது, காலை இழுத்தேன். "அசையாதே" என்றார்.

"பாக்கவே சகிக்கலை மேடம்."

"நன்னா இருக்கறதைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கோ."

விற்பனையாளர், "இத்த போட்டுக்கினு மலையே ஏறலாம் சார்" என்றார். நான் கடைக்குள்ளேயே பக்கவாட்டில் நாலு எட்டு வைத்தேன், நின்றேன், திரும்பினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகக் காலை மறந்து காலை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் கஸ்தூரி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். அவர் "யுவர்ஸ்" என்று சொல்வதே இல்லை. எனக்குரிய பந்துக்கும் அவரே ஓடினார், பாதியைத் தவறவிட்டார். பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஆட்டத்தின் நடுவில் அவர் அருகே போய், "மேடம், நீங்க சொல்லுங்க. நான் ஓடறேன்" என்றேன். அடுத்த பந்துக்குச் சொன்னார், மிக மெல்லிய குரலில். ஓடி எடுத்தேன். அது புள்ளியானதா இல்லையா என்பது நினைவில்லை.

அவர் போன அன்று மயிலாப்பூர் வீட்டில் நம் கோர்ட்டுக்காரர்கள் வரிசையாக நின்றோம். நாராயணன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்ட அவ ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டதாச் சொல்லுவா. என்னன்னு கேட்டா, அது சேகர்கிட்ட சொல்லியாச்சு, போறும்னுவா" என்றார். நானும் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்கு முன்பு அவருடைய அனுமதியைக் கேட்டேன். "எழுது, அவளுக்குப் பிடிக்கும்" என்றார்.

என் மகள் நந்தினி பிளஸ் ஒன் படித்தபோது வாலிபால் நன்றாக ஆடுவாள். மாவட்ட அணிக்கு அனுப்பச் சொல்லி அவளுடைய பயிற்சியாளர் எனக்குப் போன் செய்தார். அவளுக்கு விருப்பமில்லை என்று அவரிடம் சொன்னேன். உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். படிப்பு கெட்டுவிடும் என்ற பயம். அதன்பின் அவள் பந்தைத் தொடவில்லை. எட்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்துச் சொன்னேன். படிப்பு, அக்கறை என்று காரணங்கள் நாக்கு நுனி வரை வந்தன. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்கு ஆடத் தெரியலைன்னுதானேப்பா இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கஸ்தூரி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான். செய்ததை, யாருக்குச் செய்தோமோ அவர் முகத்தைப் பார்த்து, காரணம் சேர்க்காமல் சொல்லிவிடுவது. அதற்குப் பிறகு அவர் எழுந்து போனால் போக விடுவது. நாம் போகாமல் இருப்பது. நந்தினி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கிண்டியில் வேலை முடிந்து அவள் வரும் நேரத்துக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று என்னைக் கடந்து போகும்போது, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.