காப்பாற்ற வருகிறார்களாம்

வீரபாகுவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். அந்தப் பிள்ளைகளோடு ஆற்றில் குதித்து விளையாடியதில் தானாக வந்த மொழி அது. எண்பத்து மூன்று கலவரத்தில் லயம் எரிந்தபோது அவருக்கு வயது பதினான்கு. தாய் தகப்பனோடு லொறியேறித் தர்மபுரத்துக்கு வந்தார். காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். பிறத்தியாரின் வயலில் கூலிக்கு நின்று வளர்ந்து, அங்கேயே சிவலட்சுமியைக் கலியாணம் முடித்தார். வன்னியில் இந்தச் சிங்களத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்.

கடைசிச் சண்டை தொடங்கியதும் அதற்கு வேலை வந்தது. மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். பின்னேரமானால் அரசாங்கத்தின் சிங்களச் செய்தியைக் கேட்கச் சனம் வீரபாகுவின் முற்றத்தில் கூடிவிடும்.

"எங்களுக்குச் சொல்லுறதை விடுங்கோ அண்ணை," என்பான் பக்கத்து வளவுத் தவராசா. "தங்கட சனத்துக்கு என்ன சொல்லுறாங்கள்? அதைச் சொல்லுங்கோ."

வீரபாகு ரேடியோவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்வார்.

"இது சண்டை இல்லையாம். மனிதாபிமான நடவடிக்கையாம்."

"அப்பிடியெண்டா?"

"எங்களில இரக்கப்பட்டு, எங்களைக் காப்பாத்த வாறாங்களாம்."

பெடலைச் சுற்றிக்கொண்டிருந்த சிவலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஆக்கள் வாறதுக்கு முதல் ஷெல்லை ஏன் அனுப்புறாங்கள்?" என்று கேட்டாள். அவள் சிரித்ததில் பெடல் நின்று, ரேடியோவும் நின்றுவிட்டது. முற்றமே சிரித்தது.

இந்தப் பக்கத்தில் இயக்கத்தின் ஒலிபெருக்கியும் சும்மா இருக்கவில்லை. மண்ணைக் காக்க வீட்டுக்கு ஒரு பிள்ளை தாருங்கள் என்று சந்திக்குச் சந்தி கேட்டது. தவராசாவின் மூத்த மகள் சிவரூபி அப்படித்தான் சண்டைக்குப் போனாள். அதற்குப் பிறகு தவராசா ரேடியோ கேட்க வரவில்லை.

பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்தார்கள். தறப்பாளையும் சட்டி பானையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். அங்கே இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்து விடியற்காலை ஒன்றில், பிள்ளையின் சட்டையை அலசிக் காயப்போடவென்று பதுங்கியிருந்த பங்கரை விட்டு வெளியே போன சிவலட்சுமி ஷெல் பட்டுத் திரும்பி வரவில்லை. அந்தப் பங்கருக்குப் பக்கத்திலேயே கையால் மணலைத் தோண்டி அவளைத் தாட்டுவிட்டு, நான்கு வயது மகள் தயாளினியைத் தோளில் போட்டுக்கொண்டு வீரபாகு வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவம் நின்ற பக்கத்துக்குப் போனார்.

அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு ஓட்டோ வாங்கினார். புதுக்குடியிருப்புச் சந்தியில் நிறுத்துவார். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் சண்டை நடந்த இடங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்த காலம் அது. சிங்களம் பேசும் ஓட்டோக்காரர் என்றால் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். வீரபாகு ரேடியோவில் கேட்டதை அப்படியே சொல்லுவார். சனம் இங்கே சிறைப்பட்டுக் கிடந்தது, இராணுவம் வந்து காப்பாற்றியது என்பார். முதலில் பயத்தில் சொன்னார். பிறகு அதுவே பழகிவிட்டது. பின்னால் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டுவார்.

போன வருடம் ஒரு முற்பகல், மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்த பஸ் ஒன்று சந்தியில் நின்றது. எல்லோரும் இராணுவம் கட்டிய நினைவுத்தூபி பார்க்க இறங்கிப் போக, அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா மட்டும் நேராக வீரபாகுவிடம் வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை நிறைய, விகாரையில் வைக்கும் அரலியாப் பூ. பெயர் சோமாவதி என்றார். வட்டுவாகலுக்குப் போகவேண்டும் என்றார்.

ஓட்டோ ஓடத் தொடங்கியதும் வீரபாகு வழக்கமான கதையை எடுத்தார். பாதியிலேயே அந்த அம்மா மறித்தார். இருவரும் சிங்களத்தில்தான் பேசினார்கள்.

"தம்பி, இதை நான் டீவியில கேட்டனான். ஒவ்வொரு நாளும் சொன்னவை. விகாரையில சொன்னவை, பள்ளிக்கூட மைதானத்தில மேடை போட்டுச் சொன்னவை. எனக்கு அது மனப்பாடம். நீங்க அப்ப எங்க இருந்தனீங்கள்?"

"இஞ்சதான்," என்றார் வீரபாகு.

"என்ர மகன் ஆமியில இருந்தவன். இருபத்தொரு வயது. லீவில வந்து போகேக்க, 'அம்மா, அங்க சனம் எங்களைப் பாத்துக்கொண்டு இருக்குதாம், போய்க் கூட்டிக்கொண்டு வரவேணும்' எண்டு சொன்னவன். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் கும்பிட்டு அனுப்பினனான். நீங்க எங்களைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்களா?"

வீரபாகு ஓட்டோவைத் தெருவோரமாக நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள், அக்கா. ஷெல் எப்ப நிக்கும் எண்டு."

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. சிவலட்சுமியைப் பற்றிச் சொன்னார். அலசிய சட்டை அவள் கையிலேயே இருந்ததைச் சொன்னார். பதினைந்து வருடமாக ஒரு பயணிக்கும் சொல்லாத கதை. சோமாவதி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

வீரபாகுவுக்கு மனம் கேட்கவில்லை. இன்னொன்றும் நடந்ததுதானே, அதையும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"பாலம் கடந்து வரேக்க ஒரு ஆமிப் பொடியன், தன்ர தண்ணிப் போத்தல்ர வாயைச் சட்டைக் கையால துடைச்சிட்டு என்ர பிள்ளைக்குக் குடிக்கக் குடுத்தவன். அது உங்கட மகனோ தெரியாது அக்கா. முகம் பாக்கிற நிலைமையில நான் இல்லை."

"அது எந்த நாள்?"

"மே பதினேழு."

சோமாவதி மடியிலிருந்த பூப்பையைப் பார்த்தார். "என்ர மகன் ஏப்ரலிலேயே போயிட்டான்," என்றார். பிறகு, "அப்ப அது வேற ஒருத்தியின்ர பிள்ளை. எங்க இருந்தாலும் அவன் நல்லா இருக்கட்டும்."

வட்டுவாகலில் கடல்நீரேரி ஓரமாக இறங்கினார்கள். காற்று பலமாக வீசியது. தூரத்தில் இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிந்துகொண்டிருந்தார்கள். சோமாவதி பையைத் திறந்து பூவை இரண்டு பங்காகப் பிரித்தார்.

"உங்கட மனுசிக்கு என்ன பேர்?"

"சிவலட்சுமி."

அந்த அம்மாவின் நாக்குக்கு அது பிடிபடவில்லை. மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் பிழையாகச் சொல்லி, நாலாம் தரம் பரவாயில்லாமல் வந்தது. மகனின் பெயரையும் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பௌத்தர்களின் பிரித் ஓதிவிட்டுப் பூவைத் தண்ணீரில் விட்டார். வீரபாகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

அன்று பின்னேரம், ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த மகள் தயாளினிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நடந்ததை எல்லாம் வீரபாகு சொன்னார். தாயைப் பற்றி மகளுக்கு அவர் அதிகம் சொன்னதில்லை. தயாளினி தேத்தண்ணியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆர் எவர் எண்டு தெரியாத மனுசிக்கு அம்மாவைச் சொல்லியிருக்கிறியள்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு அந்த இடத்தைக் காட்டுவீங்களா அப்பா?"

அவர் தினம் தினம் அந்த வழியால் ஓட்டோ ஓட்டிப் போகிறவர். ஒரு நாளாவது அங்கே நிறுத்தியதில்லை. "ஞாயிற்றுக்கிழமை போவம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். பங்கர் இருந்த இடத்தில் இப்போது ஒரு வீடு. தகரவேலி அடைத்து, தென்னம்பிள்ளை நாலைந்து வைத்திருந்தார்கள். வேலியோரம் நின்று வீரபாகு இடத்தை மட்டுக்கட்டினார். ஒரு தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவே கையைக் காட்டினார்.

ஆள் சத்தம் கேட்டு அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள். கையில் மா ஒட்டியிருந்தது.

"ஆரைத் தேடுறியள்?"

 தயாளினிதான் பதில் சொன்னாள்.

"எங்கட அம்மா இஞ்சதான் இருக்கிறா, அக்கா."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.  மாக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து வேலிப் படலையைத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ," என்றாள்.