ஆண்டியின் நிறம்

தாமோதரன் ஃப்ளாஷின் பேட்டரி முனைகளைத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்தபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். உத்திரமேரூர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கை சுத்தம், வாய் மோசம். கிராம சுகாதார நர்ஸாக எத்தனையோ வீடு ஏறி இறங்கியிருக்கிறேன். அவனைப் போல ஒரு கோபக்காரனைப் பார்த்ததில்லை. பாதிக் கோபமாவது நியாயமானது.

அது தொண்ணூற்றாறு. காவாந்தண்டலத்துக்கு வெளியே இருளர் குடியிருப்பில் ஆண்டி இறந்திருந்தார். உடம்பைத் துடைத்து, தாடையைக் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்தது நான்தான். உயிரோடு இருந்தவரை அவரை யாரும் படம் எடுத்ததில்லை. எங்கள் பக்கத்தில் பலருக்கும் முதல் போட்டோ பிணமான பிறகுதான்.

அவர் மனைவி கங்கம்மாள் குடிசைக்குள்ளிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். பாம்பு கடித்து இறந்த மகன். எவனோ முகத்துக்கு நேராக ஃப்ளாஷ் அடித்து எடுத்தது. மூக்கும் தெரியவில்லை, கன்னமும் தெரியவில்லை.

"சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி கீது, நைனா. இது எம்புள்ளயே இல்ல. இவரு கருப்பு. கருப்பாவே வேணும்."

"இத எட்த்தவன் கைய ஒடைக்கணும்," என்றான் தாமோதரன்.

நாற்காலிக்குப் பின்னால் சாயங்கால மேற்கு வானத்தில் மட்டும் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. ஃப்ளாஷ் இல்லாவிட்டால் ஆண்டியின் முகம் கரிக்கட்டை. நேராக அடித்தால் மகனுக்கு ஆனதுதான். நெற்றியில் ஒட்டிய காசு வேறு பளிச்சென்று திருப்பி அடிக்கும். உறவினர்கள் காசை எடுக்கவும் விடவில்லை, நாற்காலியை நகர்த்தவும் விடவில்லை.

ஆண்டி உழுத நிலத்தின் சொந்தக்காரர் சின்னராசு, தோளில் வெள்ளைத் துண்டோடு வந்து பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"சட்டுனு அடிப்பா. நானும் படத்துல வுழணும். இவனுங்களுக்கு இன்னா, எப்டி வந்தாலும் போதும்."

தாமோதரன் ஃப்ளாஷின் தலையை அவர் பக்கம் திருப்பினான். "அண்ணே, ரெண்டடி தள்ளி நின்னு அந்தத் துண்ட விரிச்சுப் புடிங்க. வெளிச்சம் அதுல பட்டு மூஞ்சிக்கு வரட்டும்."

"நான் இவனுக்குத் துணி புடிக்கறதா?"

"ஆயுசு முழுக்க உன் ஏரப் புடிச்சவரு. நீ ஒரு நிமிசம் துண்டு புடி," என்றேன். சின்னராசுவின் பிள்ளைகள் எல்லாம் என் கையில் பிறந்தவர்கள். என்னிடம் வாயாட மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு விரித்தார்.

வானமும் படத்தில் விழ வேண்டுமென்று கேமராவின் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி வைத்தான் தாமோதரன். "யாரும் ஆடக்கூடாது. அழாத, கங்கம்மா."

"எழவு வூட்ல அழாதன்றான் பாரு," என்றாள் ஒருத்தி.

"செத்தவரு ஆட மாட்டாரு. நீங்கதான் ஆடுவீங்க. எடுத்தப்புறம் அழுங்க, நானும் அழறேன்."

கங்கம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்து ஆண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். எடுத்து முடித்தான். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை நான் தடுக்கவில்லை.

சின்னராசு துண்டைக் கீழே போட்டார். "எனக்கு ஒரு காப்பி அனுப்புடா."

கருப்பு வெள்ளை ஃபிலிம் என்பதால் தாமோதரன் தன் இருட்டறையிலேயே கழுவி, மறுநாள் காலை புதைத்த இடத்தில் பால் ஊற்றப் புறப்படுமுன் வந்துவிட்டான். படத்தில் ஆண்டி ஆண்டியாகவே இருந்தார்: அந்தக் கருப்பு, கன்னத்தில் அம்மைத் தழும்பு, பின்னால் மேகம்கூட. ஒரு பக்கம் கங்கம்மாள், மறு ஓரத்தில் துண்டும் சின்னராசுவின் நாலு விரல்களும் மட்டும்.

கங்கம்மாள் கட்டைவிரலால் தழும்பைத் தடவிப் பார்த்தாள். "இவருதான்," என்றாள்.

தாமோதரன் என் கத்தரிக்கோலை வாங்கி, விரல்கள் இருந்த ஓரத்தை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அண்ணன் காப்பி கேட்டாரே," என்று சொல்லி, சைக்கிளைச் சின்னராசு வீட்டுப் பக்கம் திருப்பினான்.