ஆறாவது சீடி

பார்க்காத படத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பது லேசான வேலை இல்லை. நான் அதில் கெட்டிக்காரன். கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்த சீடிக் கடையில், அஸர் தொழுகைக்கும் மஃரிப் பாங்குக்கும் இடைப்பட்ட பின்னேரப் பொழுதில், இந்தத் திறமையை இரண்டு வருடம் தீட்டி வளர்த்தேன். சுனாமி வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வடக்கில் போர் முடியப்போகிறது என்று ரேடியோ ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் ஜப்பான்காரன் கீறிய கார்ட்டூனில் எது உசத்தி, எது குப்பை என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தோம். அனிமே என்றுதான் சொல்ல வேண்டும். கார்ட்டூன் என்று வாய் தவறிச் சொன்னவனுக்குக் கடைக்காரர் பிளேன்டீ ஊற்றமாட்டார்.

கடைக்காரர் மருதமுனைக்காரர். வீட்டில் தறிச் சத்தம் தாங்காமல் இந்த வியாபாரத்துக்கு வந்தவர். கொழும்புக்குப் போய் சீடிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். அனிமேயை ஜப்பான் குரலில் மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருக்குத் தெரிந்த ஜப்பான் சொல் மொத்தம் நாலு. அந்த நாலையும் பாட்டுச் சீடி வாங்க வருகிறவர்களிடம் சொல்லி, அவர்கள் முழிப்பதை ரசிப்பார்.

இரண்டாவது ஆள் டியூஷன் கொடுக்கிற கணக்கு வாத்தியார், எல்லாருக்கும் சேர். நாற்பது தாள் கொப்பி ஒன்றில் உலகத்தின் மிகச் சிறந்த பத்துத் தொடர்களை எழுதி, தசமத்தில் புள்ளி போட்டு வைத்திருந்தார். பட்டியல் அடிக்கடி மாறும். முதல் நாள் அவரோடு யார் வாதாடினானோ, அவனுக்குப் பிடித்த தொடர் மறுநாள் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியிருக்கும்.

மூன்றாவது ஆள் நான். பகலில் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுப்பேன். பின்னேரத்தில் கலை விமர்சனம். "தொடக்கம் நல்லம், நடுவுல கொஞ்சம் தொய்யுது, ஆனா முடிவு யோசிக்க வைக்குது" என்பது என் நிரந்தரக் கருத்து. இதை எந்தத் தொடருக்கும் சொல்லலாம். ஹாட்வெயார் முதலாளியின் மகனுடைய கல்யாணத்துக்கும் சொல்லியிருக்கிறேன், சரியாகவே இருந்தது.

பார்க்காமல் கதைக்கிறவனுக்குக் கடை வாங்குப் பலகையில் இடமில்லை என்று சேர் ஒரு சட்டம் போட்டிருந்தார். அதனால் நாங்கள் மூவரும் எல்லாவற்றையும் பார்த்திருந்தோம். ஒருவர் "அந்தக் கட்டம்" என்று தொடங்கினால் மற்ற இருவரும் தலையாட்டுவோம். எந்தக் கட்டம் என்று கேட்டால் பிடிபட்டுவிடுவோமே.

கதையில் போர் வந்தால் எங்களுக்குப் பெருநாள்தான். எந்த ராஜா செய்தது நியாயம், எந்தப் படை துரோகம் செய்தது என்று மேசையில் தட்டித் தட்டிக் கதைப்போம். வாசலால் துவக்கோடு ஆமிக்காரர் நடந்து போனால் குரல் தானாக இறங்கும், போன பிறகு ஏறும். நிஜப் போரைப் பற்றி அந்தக் கடையில் ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பது உடம்புக்கு ஆகாத காலம் அது. எங்களிடம் மிச்சமிருந்த வீரம் எல்லாம் ஜப்பானுக்குப் போனது.

இந்தச் சபைக்குள்தான் அவர் வந்தார். சாய்ந்தமருதுக்காரர், நாற்பது வயதிருக்கும். முன்பு மீன்பிடிக்கப் போனவர், இப்போது ஓட்டோ ஓடினார். அலை வந்த காலையில் அவர் படகோடு ஆழ்கடலில் நின்றார். அங்கே கடல் சும்மா கிடந்ததாம், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கரைக்கு வந்தபோது வீடும் இல்லை, மனைவியும் இல்லை. நாலு வயது மகளை மட்டும் யாரோ ஒரு மரத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார்கள். கடல் கிழக்கே, எங்கள் வீடு மெயின் ரோட்டுக்கு மேற்கே. எங்கள் வாசலில் மண்கூட நனையவில்லை.

மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்காகத்தான் சீடி எடுக்க வருவார். படத்தின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்து அவருக்கு வாசிக்க வராது. மகளைப் பக்கத்தில் இருத்தி, படத்தைப் பார்த்துத் தன் பாட்டுக்கு ஒரு கதை கட்டிச் சொல்வாராம். அதைக் கேட்டு சேர் காதைப் பொத்தினார். கடைக்காரர் ஒரு ஜப்பான் சொல்லைச் சொல்லி வேதனைப்பட்டார். ஓட்டோக்காரர் போன பிறகு நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எந்தச் சீடியைக் கொடுத்தாலும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"இதுல கடல் வருமா, தம்பி?"

வந்தால் வேண்டாம். டீவியில் கடலைக் கண்டால் பிள்ளை எழும்பி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள், அன்றைக்குச் சாப்பிடமாட்டாள் என்று முதல் நாளே சொன்னார். கலையை இப்படியா தெரிவு செய்வது என்று எங்களுக்குள் முணுமுணுப்பு. எத்தனை புள்ளி, யார் இயக்கம், எந்த வருடம் என்று ஒன்றும் கேட்காமல் கடல் வருமா என்று கேட்கிற மனிதருக்கு எங்கள் அறிவால் என்ன பிரயோசனம்?

அந்த நாட்களில் எங்கள் வாதம் முழுக்க ஒரு தொடரைப் பற்றி. மலை நாட்டில் தாயும் மகளும் கழுதையில் தபால் கொண்டுபோகிற கதை, ஆறு சீடி. அதன் முடிவைப் பற்றி மூன்று பின்னேரம் சண்டை பிடித்தோம். முடிவில் இயக்குநருக்குக் களைப்பு வந்துவிட்டது என்றார் சேர், ஏழரைப் புள்ளிக்கு மேல் கொடுக்க முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைக்காரர் அந்த முடிவில் அழுதுவிட்டாராம். என்னை அது வழக்கம்போல யோசிக்க வைத்தது.

"பிள்ளைக்கு இதக் குடுங்க காக்கா," என்று நானே எடுத்து அவரிடம் நீட்டினேன்; எங்கள் பக்கம் அண்ணன் என்றால் காக்கா. "முழுக்க மலை. பனி, ஆடு, கழுதை."

"கடல் வராதே?"

"நான் ரெண்டு தரம் பாத்தன் காக்கா. கடலுக்கு வழியே இல்ல."

நான் பார்த்தது முதல் இரண்டு சீடி. அதிலும் இரண்டாவதன் நடுவில் கரண்ட் போய்விட்டது.

ஒரு கிழமை கழித்து, நாங்கள் மூவரும் வாங்கில் இருக்கும்போது வந்து ஓட்டோவை நிறுத்தினார். கோபம் எதுவும் முகத்தில் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கடைசிச் சீடில அதுகள் ரெண்டும் துறைமுகத்துக்குக் கடிதம் கொண்டு போகுதுகள், தம்பி. கடல் எழும்பி வந்து தாய இழுக்குது. நான் டீவிய நிப்பாட்டிட்டன். ஆனா பிள்ள கண்டிட்டாள்."

நான் வாங்கில் நகர்ந்து இடம் விட்டேன். அவர் உட்காரவில்லை.

"ரெண்டு நாளா அறைக்குள்ளதான் இருந்தாள். இண்டைக்கு வெளிய வந்து கேக்காள், மறுகா என்ன நடந்ததெண்டு. அந்தப் பிள்ளட உம்மா திரும்பி வாறாவாமா? அத மட்டும் கேட்டிட்டு வரச் சொன்னாள். நீங்க ரெண்டு தரம் பாத்த ஆள்தானே, சொல்லுங்க."

நான் சேரைப் பார்த்தேன். சேர் கொப்பியின் அட்டையில் ஏதோ தூசி கண்டுபிடித்துத் தட்டினார். நான் கடைக்காரரைப் பார்த்தேன், அழுத மனிதராயிற்றே.

"முதலாளி, நீங்க சொல்லுங்க," என்றேன்.

"அது... அவங்க கடைசில..." என்று தொடங்கியவர், "சேர்தான் வடிவா விளக்குவார்," என்று கைமாற்றினார்.

"எனக்கு முடிவு பிடிக்கல்ல. அதால மனசுல நிக்கல்ல," என்றார் சேர்.

ஓட்டோக்காரர் எங்கள் மூவரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆறாவது சீடிட பொலித்தீன நான்தான் கிழிச்சன். கொழும்பில ஒட்டின டேப் அப்பிடியே இருந்திச்சு."

மூன்று பின்னேரம் மேசையில் தட்டி வாதாடிய முடிவை எங்களில் ஒருவன்கூடக் கண்ணால் கண்டதில்லை. வெட்கமாக இருந்தது, எழும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

"நான் பாக்கல்ல காக்கா," என்றேன். "குடுங்க, நான் இப்பவே பாத்திட்டு வந்து சொல்லுறன்."

"வேணாம் தம்பி," என்றார். "உங்கட சொல்லக் கொண்டுபோய் இன்னொருக்கா அவளுக்குக் குடுக்க ஏலா. நாங்களே பாக்கிறம்."

அதற்குப் பிறகு பல நாள் அவர் வரவில்லை. நாங்கள் கடைக்குப் போனோம், பிளேன்டீ குடித்தோம், விலைவாசி கதைத்தோம். எந்தத் தொடரின் பெயரை எடுத்தாலும் நீ பார்த்தாயா என்று யாராவது கேட்டுவிடுவானோ என்ற பயம் மூவருக்கும் இருந்தது. அந்தப் பிள்ளை சாப்பிட்டாளா என்றுதான் எனக்கு யோசனை. வீட்டுக்குப் போய்க் கேட்க முகமில்லை.

பிறகு ஒரு பின்னேரம் ஆறு சீடியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துவிட்டு, கேட்காமலே சொன்னார்.

"நேத்துப் பாத்தம். அவள்தான் போடச் சொன்னாள். கடல் வரக்குள்ள நான் நிப்பாட்டப் போனன், கையப் புடிச்சிட்டாள். எனக்குக் கத சொல்ல வாய் வரல்ல. மறுகா அவள்தான் எனக்குச் சொன்னாள், இது நடக்கு, அது நடக்கு எண்டு, முடியிற வரைக்கும்."

கடைக்காரர் அவசரமாகப் பிளேன்டீ ஊற்றினார். சேர் பழக்க தோஷத்தில் கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தார்.

"எத்தின புள்ளி குடுக்கலாம் காக்கா?"

"புள்ளி எனக்குத் தெரியா சேர். மகள் உங்களுக்குச் சொல்லச் சொன்னதச் சொல்லுறன்." அவர் எங்களைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடல் வருது. உம்மா திரும்பி வரல்ல. ஆனா பாக்கலாமாம்."

சேர் பேனையை மூடி வைத்தார். அந்தக் கடையில் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான்.