முதுகு பூவரசன்

பெருமுக்கல் பூவரசன் பல படங்களில் நடித்துவிட்டான். ஆனால் எல்லாவற்றிலும் அவனுடைய முதுகுதான் நடித்தது. இதை அவன் அம்மா அம்சாவின் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. பிடரியும் நடித்தது, ஒரு படத்தில் இடது காதுகூட நன்றாகவே தெரிந்தது என்று சண்டைக்கு வருவாள். பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் காதும் பெரிதுதான்.

விஷயம் இதுதான். சினிமாவில் இரண்டு பேர் பேசும்போது ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் முகத்தைக் காட்டுவார்கள். சஜஷன் ஷாட் என்று அதற்குப் பெயர். கதாநாயகி அழ வேண்டிய நேரத்தில் கதாநாயகர் கேரவனில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தால், அவர் சட்டையை வேறு யாருக்காவது மாட்டி, கேமராவுக்கு முதுகு காட்டி நிறுத்திவிடுவார்கள். விழுப்புரத்தில் பி.காம். முடித்துவிட்டு, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் நின்று ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்த பூவரசன், திண்டிவனத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போனான். கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற வேலைதான் முதலில் கிடைத்தது. அங்கே ஒரு துணை இயக்குநர் அவனைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டார். ஒரு பெரிய கதாநாயகரின் உயரம், அவருடைய அதே தோள். அன்றோடு பூவரசனின் முகத்துக்கு வேலை போயிற்று.

முதுகுக்கு வாய்ப்பு குவிந்தது. ஒரே வாரத்தில் இரண்டு கதாநாயகிகள் அவனைப் பார்த்து அழுதார்கள். ஒரு வில்லன் அவன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்து, கொடுக்கிற இடத்தில் கொடுத்து வாங்குகிற இடத்தில் வாங்குவேன் என்று மிரட்டினார். பூவரசன் அசையாமல் நின்றான். அசையாமல் நிற்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று யூனிட்டில் பேச்சு.

ஊரில் அம்சா சும்மா இருப்பாளா? அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாளே, அது முழுக்கத் தன் மகனைப் பார்த்து அழுதது, ஹீரோ அந்த இடத்திலேயே இல்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவளிடம் அத்தாட்சி இருந்தது. பூவரசனுக்குத் தலையில் ரெட்டைச் சுழி. போனில் படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, மண்டையின் பின்புறத்தை எல்லோரிடமும் நீட்டுவாள்.

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் அதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெட்டைச் சுழி இருக்கறவன்லாம் உம்புள்ளையா அம்சா?"

அதோடு விட்டிருக்கலாம். பையன் சென்னையில் ஏதோ ஓட்டலில் டேபிள் துடைக்கிறான், வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சினிமா என்கிறார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். ஓட்டல் வேலை கேவலம் என்று அம்சா நினைக்கவில்லை. தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அழுதாள்.

இதற்கிடையில் வீட்டுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து. அறுவடைக்கு வந்த மகனை மல்லாட்டை மூட்டை தூக்க விடமாட்டேன் என்றாள் அம்சா. முதுகு கோணிக்கொண்டால் ஷூட்டிங் கெட்டுப்போகும் என்று சொல்லி, அவனைக் குப்புறப் படுக்க வைத்து எண்ணெய் தேய்த்தாள். தனியாளாக மூட்டைகளைத் தூக்கி முடித்த அப்பா சீனுவாசன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அடுத்த மல்லாட்டை பிடுங்குவதற்குள் திரையில் இவன் முகம் தெரிய வேண்டும், இல்லையென்றால் விழுப்புரத்தில் தன் மச்சான் நடத்தும் உரக்கடைக்கு இவன் போய்விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

"அங்க கஸ்டமருக்கு நேராவே மூஞ்சியக் காட்டலாம்" என்றார்.

யூரியா மூட்டைக்கு நடுவில் தன் காலம் போய்விடுமே என்று பூவரசன் பயந்தான். நல்லவேளையாக, அவனைக் கண்டுபிடித்த துணை இயக்குநரே தனியாக ஒரு படம் எடுக்கக் கிளம்பினார். அதில் கதாநாயகனின் நண்பன் பஸ் ஸ்டாண்டில் ஓடிவந்து, "அண்ணே, பஸ்ஸு போயிருச்சு" என்று சொல்ல வேண்டும். முகம் உண்டு, வசனமும் உண்டு. அந்த வேஷத்தைப் பூவரசனுக்குக் கொடுத்தார்.

கேமரா ஓட ஆரம்பித்ததும், பழக்க தோஷத்தில் பூவரசன் திரும்பி நின்றுகொண்டான். எத்தனை தடவை எடுத்தாலும் முதுகுதான் வந்தது. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு காட்சியையே மாற்றினார். முதுகைக் காட்டியபடியே வா, கடைசியில் திரும்பி வசனத்தைச் சொல் என்றார். அப்படியே எடுத்தார்கள். பூவரசன் அம்மாவுக்குப் போன் போட்டு, வெட்டினாலும் வெட்டிவிடுவார்கள், அதனால் படம் வருகிறவரை யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினான். சரி சரி என்ற அம்சா, அவன் போனை வைப்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டாள்.

மல்லாட்டை பிடுங்குகிற நேரம் நெருங்கும்போது படம் திண்டிவனத்தில் வெளியானது. தெருவே ஷேர் ஆட்டோ பிடித்துப் போனது. கோவிந்தம்மாள் பட்டுப்புடவை கட்டி வந்தாள். ஒரு பொய் உடைவதைப் பார்க்கப் போகிறவள் பின் எப்படி வருவாள்? சீனுவாசன் டவுனில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். அம்சாவுக்குப் பக்கத்தில் பூவரசன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்ட் வந்தது. திரையில் ஒரு முதுகு ஓடியது. தலையில் ரெட்டைச் சுழி, பெரிய அண்டா அகலத்துக்கு.

அம்சா துள்ளி எழுந்தாள். அப்படியே பின்பக்கம் திரும்பி, கோவிந்தம்மாளுக்கு நேராகக் கையை நீட்டி, பார், சுழியைப் பார் என்றாள். அந்த நேரத்தில்தான் திரையில் பூவரசன் திரும்பினான். அண்ணே, பஸ்ஸு போயிருச்சு என்றான்.

கோவிந்தம்மாளின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. தெருக்காரர்கள் முகமெல்லாம் வெளிச்சத்தில் மலர்ந்து கிடந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. அடித்தது சீனுவாசன். கல்யாணமானதிலிருந்து அந்த மனிதர் விசிலடித்து அம்சா கேட்டதில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்துத் திரைக்குத் திரும்பியபோது, அங்கே கதாநாயகன் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் சீனுவாசன் மச்சானுக்குப் போன் போட்டு, கடைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோவிந்தம்மாள் பூவரசனோடு செல்பி எடுத்துக்கொண்டாள். அவன் முகம் மட்டும் தொங்கிக் கிடந்தது.

"இத்தினி நாளா இதுக்குத்தானம்மா காத்துக்கினு இருந்த. நீ பாக்கவே இல்லியே" என்றான்.

"நான் ஒன்ன பெத்ததுல இருந்து பாத்துக்கினுதான்டா இருக்கேன். அவங்க பாக்கறாங்களான்னுதான் நான் பாக்கணும்."

அவன் மனசு கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுக்கப் போனான். அம்சா பின்னாலேயே வந்து நின்றாள்.

"அந்த ஆட்டத்துக்கு வேற ஜனங்க வருவாங்க இல்ல? மொதோ வரிசையில போடு."

திரைக்கு அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று கவுன்டரில் இருந்தவர் எச்சரித்தார். அம்சாவுக்கு அந்தக் கவலை இல்லை.