பெரிய டிரம்மும் முக்கோணக் கம்பியும்

கொடியேற்று விழாவுக்கு ஓய்வுபெற்ற அலுவலர்களை அழைப்பதில் ஒரு முறை உண்டு. அழைப்பிதழ் விழா முடிந்த மறுநாள் வந்து சேரவேண்டும். இந்த ஆண்டு எங்கோ தவறு நேர்ந்து முன்கூட்டியே வந்துவிட்டதால், வேறு வழியின்றி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் மைதானத்துக்குப் போனேன். என் பதவிக்கு இரண்டாவது வரிசையில் இடம் தரவேண்டும். மூன்றாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்கள். அதிலேயே உட்கார்ந்தேன். விதி தெரிந்தவன் விதி தெரியாதவர்களோடு வாதாடக்கூடாது என்பதும் ஒரு விதிதான்.

பள்ளிக்கூட பேண்டு அணிகளுக்குப் போட்டி நடந்தது. புலித்தோல் போல் அச்சிட்ட துணியை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு பெண் பெரிய டிரம்மை அடித்தபடி வந்தாள். பந்தலில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் வயிற்றில் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பியது. அதற்குக் காரணம் அவள் அல்ல, என் அத்தை மகன்.

அத்தையின் கணவர் ராணுவத்தில் இருந்ததால் அத்தையும் அவள் மகனும் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. ஒரே தட்டில் சோறு போட்டால்கூட அவன் பக்கம் உயரமாகத் தெரியும். பள்ளியில் பேண்டு அணிக்கு ஆள் எடுத்தபோது நான் பெரிய டிரம்முக்குப் பெயர் கொடுத்தேன். இடது காலுக்கு ஓங்கி அடிக்கவேண்டும், வலது காலுக்கு லேசாக. திரும்பும்போது எத்தனை அடி, நிற்கும்போது எத்தனை அடி, எல்லாம் எனக்கு மனப்பாடம். அத்தை மகனுக்கு இடது எது வலது எது என்பதிலேயே சந்தேகம் இருந்தது. விளையாட்டு வாத்தியார் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஒல்லிடா. டிரம்மு உன்னைத் தூக்கிக்கினு போயிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டிரம்மை அவன் கழுத்தில் மாட்டினார். என் கையில் முக்கோணமாக வளைத்த ஒரு கம்பியையும் அதைத் தட்ட ஒரு குச்சியையும் கொடுத்து, "அவன் பக்கத்துலயே நில்லு" என்றார். பத்து டிரம், எட்டு பியூகிள் முழங்கும் இடத்தில் அந்தக் கம்பியின் சத்தம் அதை அடிப்பவனுக்கே கேட்காது.

வீட்டில் இதற்கு ஆதரவு கிடைக்கும் என்று நினைத்தேன். "அவங்க அப்பா மிலிட்டரி. ரத்தத்துலயே இருக்குது" என்றார் என் அப்பா. அவர் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை; ரப்பர் ஸ்டாம்பு மசியாகத்தான் இருக்கும். அத்தை புலித்தோல் துணியை வாரம் ஒருமுறை துவைத்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி கொடியில் காயப்போட்டாள். என் முக்கோணத்தில் அம்மா கரித்துணி மாட்டினாள்.

ஒத்திகை நாட்களில் அவன் அடிக்கடி கணக்கை விட்டுவிடுவான். உடனே என் பக்கம் திரும்பிப் பார்ப்பான். எனக்குத் தெரியும் என்று காட்டுவதற்காக நான் என் கம்பியை இன்னும் அழுத்தித் தட்டுவேன். அவன் தொடர்ந்துவிடுவான். வாத்தியார் அவனை முதுகில் தட்டிக்கொடுப்பார்.

சுதந்திர தினத்தன்று ஊரிலிருந்த பள்ளிகளுக்குள் போட்டி. வெற்றி பெறும் அணி வேலூருக்குப் போய் அமைச்சர் முன்னால் வாசிக்கலாம். அப்போது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். பெரிய மனிதர்கள் எல்லாம் வேலூர் வரைதான் வருவார்கள். கோயிலுக்கு முன்னால் அகலமான வீதியில் பந்தல் போட்டுக் கொடிக்கம்பம் நட்டிருந்தார்கள். நடுவர், படையில் பேண்டு வாசித்து ஓய்வுபெற்ற வெளியூர்க்காரர். மற்ற அணிகள் வீதியோடு நேராக வந்தன. எங்கள் அணி மட்டும் ஒரு சந்திலிருந்து திரும்பிப் பந்தலுக்கு எதிரே வரவேண்டும்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சந்திலிருந்து திரும்பி ராஜகோபுரம் முழுசாகக் கண்ணில் பட்டால், கை தானாகக் கன்னத்துக்குப் போகும். அதற்குப் பக்தி இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் போட்டுக்கொள்வார். விலங்கு மாட்டிய கைதி கையைத் தூக்கினால் கூட வரும் போலீஸ்காரர் கையும் சேர்ந்து போகும். நாங்கள் ஒத்திகை பார்த்ததெல்லாம் பள்ளி மைதானத்தில். கோபுரத்தோடு ஒத்திகை பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பினோம். பந்தலுக்குப் பின்னால் கோபுரம் எழுந்து நின்றது. அத்தை மகனின் இரண்டு கைகளும் டிரம்மை விட்டு மேலே போயின. துணி சுற்றிய கட்டைகளாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டான். பெரிய டிரம் நின்றால் எல்லாம் நிற்கவேண்டும் என்பது வாத்தியார் போட்ட சட்டம். சின்ன டிரம்கள் நின்றன, அந்தக் குச்சிகளும் கன்னங்களுக்குப் போயின. பியூகிள்கள் வாயை விட்டு இறங்கின. அத்தனை பெரிய வீதியில் என் முக்கோணம் மட்டும், ஒத்திகைப் பழக்கத்தில், டிங், டிங் என்று இரண்டு முறை ஒலித்தது. அடுத்த இடது காலுக்குச் சரியாகப் பெரிய டிரம் விழ, எல்லாம் மறுபடி முழங்கத் தொடங்கின.

மானம் போயிற்று என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவன் மானம் போயிற்று என்று நினைத்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் நடுவர் எழுந்து நின்றுவிட்டார். பரிசளிப்பின்போது அவரே மைக்கை வாங்கினார். வாளை முகத்துக்கு நேரே உயர்த்தி வணங்கும் போர்வீரர்களைப் போல இந்தப் பிள்ளைகள் கொடிக்கு முன்னால் குச்சிகளை உயர்த்தினார்கள், டிரம்கள் எல்லாம் மௌனமாகத் தலைவணங்க ஒரு சிறு மணி மட்டும் ஒலித்தது, இப்படி ஒரு தேசபக்தியைத் தாம் பார்த்ததில்லை என்றார். பந்தலில் இருந்த உள்ளூர்ப் பிரமுகர்கள் அத்தனை பேருக்கும் நடந்தது என்னவென்று தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நடுவர் பெரிய டிரம் அடித்தவனை மேடைக்கு அழைத்து மாலை போட்டார். அந்தச் சிறு மணி தானாகவே அடித்துக்கொண்டது போலிருக்கிறது.

வீட்டில் அத்தை அவனை நிற்கவைத்து மிளகாய் சுற்றினாள். "நீயும் வந்து பக்கத்துல நில்லுடா. மிளகா ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்று என்னையும் கூப்பிட்டாள். அடுப்பில் போட்டபோது கொஞ்சம்கூட நெடி வரவில்லை. "பாத்தியா, எவ்வளவு கண்ணு பட்டிருக்குது எம்புள்ளைக்கு!" என்றாள். யாருடைய கண் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் முறைப்படி வாத்தியாரிடம் போனேன். தவறு செய்தவனை வேலூருக்கு அனுப்பக்கூடாது. அடுத்தபடியாகத் தகுதி உள்ளவனுக்கு டிரம் வரவேண்டும். அது யார் என்று அவரே கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"சார், அது சல்யூட் இல்ல சார். அவன் கோபுரத்தைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கினான்."

"தெரியும்டா. நானுந்தான் போட்டுக்கினேன்." அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஆமா, நீ ஏன் போட்டுக்கல? ஊரே கோபுரத்தைப் பாத்துச்சு, நீ எங்கடா பாத்துக்கினு இருந்த?"

பொய் சொல்ல வரவில்லை. "அவன் கையைப் பாத்துக்கினு இருந்தேன் சார்" என்றேன். எப்போது தப்பு செய்வான் என்று ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "வேலூர்லயும் அதையே பாரு. கண்ணை எடுத்தே, தோலை உரிச்சிடுவேன்."

எனக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. புகார் சொன்னவனையே எதிரியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி உத்தரவிடுவது எந்த ஊர் நியாயம்?

வேலூரில் கோபுரம் இல்லாமலே அதைச் செய்யவேண்டியிருந்தது. வாத்தியார் கண்ணைக் காட்டியதும் அத்தை மகன் கட்டைகளை முகத்துக்கு உயர்த்தினான். டிரம்கள் அடங்கின. அமைச்சர், கலெக்டர், மைதானம் நிறைந்த கூட்டம், எல்லாம் மூச்சுப் பிடித்து நிற்க, என் முக்கோணம் இரண்டு முறை ஒலித்தது. நான் அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெரிய டிரம் சரியாக விழுந்தது. கைதட்டலில் காது அடைத்தது. அமைச்சர் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற என்னிடம், "தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்க" என்றார் போட்டோ எடுப்பவர்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை மகன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அந்த இடமும் அவனுக்குத்தான். போளூர் தாண்டியதும் என் காதருகே குனிந்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத. நிறுத்துறது எனக்கு வந்துடுது. திருப்பி எப்ப அடிக்கணும்னுதான் தெரியமாட்டேங்குது. உன் ரெண்டாவது டிங் கேட்டா அடிப்பேன். அவ்வளவுதான்."

"சாருக்குத் தெரியுமா?"

"அவர்தானடா, கணக்கு விட்டா உன் கம்பியைக் கவனின்னு சொல்லிக் குடுத்தாரு. மொத நாளே."

ஊர் வந்து சேரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எண்ணத் தெரியாதவனிடம் போய் டிரம்மைக் கொடுத்திருக்கிறாரே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில், எண்ணுகிற வேலையை யாரிடம் கொடுத்திருந்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.